ஹைலக்ஸுக்கு ஏ.ரி. ரயரா, எம்.ரி. ரயரா? வன்னி வீதிக்கு எதைப் போடுவது?

கேள்வியை முதலில் சுருக்கி எழுதிக்கொள்கிறேன். கிளிநொச்சியில் ஒரு ஹைலக்ஸ் டபுள் கப், மூல அளவு 265/65ஆர்17 (அகலம் 265 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 65 வீதம், றிம் 17 அங்குலம்), நான்கு ரயரும் முடிந்துவிட்டன. கிழமையில் நாலு நாள் ஏ9 வீதி வழியே வவுனியா போய் வரவேண்டும், இரண்டு நாள் துணுக்காய்ப் பக்கம் வயலுக்கு. போன மாரியில் வயல் பாதைக் களியில் இரண்டு தரம் புதைந்து, உழவு இயந்திரம் பிடித்து இழுக்க வேண்டி வந்தது. ஆகவே எம்.ரி. (சேற்றுக்கான ரயர்) போடுவதா, ஏ.ரி. (தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான ரயர்) போதுமா, அல்லது 285/70 என்று பெரிதாக ஏற்றுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுத்தில் மூன்று கேள்வி இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: இனிப் புதையாமல் இருக்க என்ன செய்யலாம்? அதற்குப் பாதி விடைதான் ரயர்க் கடையில் கிடைக்கும். மிச்சப் பாதியை கீழே சொல்கிறேன்.

முதலில் ஓட்டக் கணக்கு. வவுனியா போய்வர ஏறத்தாழ 150 கி.மீ., நாலு நாளுக்கு 600. துணுக்காய் நாள் ஒன்றுக்கு நூறு என்று வைத்தால் கிழமைக்கு மொத்தம் 800 கி.மீ. வயல் நாளிலும் மாங்குளம் வரை ஏ9 தான், பிறகும் நல்ல வீதி உண்டு. கிரவலும் வயல் பாதையுமாகக் கிழமைக்கு ஒரு 50 கி.மீ. வரும். அதாவது பதினாறில் பதினைந்து பங்கு தார். மிஞ்சிய ஒரு பங்கிலும் சேறு இருப்பது ஐப்பசியிலிருந்து தை வரை, அதுவும் மழை பெய்து ஓய்ந்த சில நாட்களில். அந்தச் சில நாட்களுக்காக வருடம் முழுவதும் எம்.ரி. உருட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரைச்சல், எண்ணெய்ச் செலவு, சீக்கிரம் தேய்வது எல்லாம் இரண்டாம் காரணம். முதற் காரணம் நனைந்த தாரில் பிரேக். எம்.ரி. ரயரில் மேற்பட்டையின் ரப்பர்க் கட்டைகள் பெரிசு, இடைவெளி அகலம், கட்டைகளின் மேல் ஓடும் மெல்லிய கீறல்கள் மிகக் குறைவு. நனைந்த தாரை பிடித்துக்கொள்வது அந்தக் கீறல்களும் ரப்பர்க் கலவையும்தான். மாரியில் மாடுகள் ஈர நிலத்தில் படுக்காமல் ஏ9 தாரிலே வந்து படுக்கும். இரவில், எதிர் வாகன வெளிச்சத்தில், கறுத்த மாடு தெரிவது கடைசி நேரத்தில். அந்த இடத்தில் நாலு மீற்றர் முந்தி நிற்பது, வயலில் ஒரு தரம் புதையாமல் வருவதை விடப் பெறுமதி.

ஆக ஏ.ரி. என்பது முடிவு. ஆனால் ஏ.ரி. என்பது ஒரே சாமான் இல்லை. அதற்குள்ளேயே இரண்டு சாதி இருக்கிறது. எது உங்களுக்கு என்று தெரிய, கழற்றிய பழைய ரயர்களை எறியாமல் நிலத்தில் படுக்க வைத்துப் பாருங்கள். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்றுக் கூட. இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மிஞ்சியிருந்தால் காற்றுக் குறைவு, அல்லது பாரம் ஏற்றியபோது கூட்டாமல் விட்டது. ஒரு ஓரம் மட்டும் போயிருந்தால், அல்லது கையை உள்ளே தடவும்போது வழுவழுப்பாகவும் வெளியே தடவும்போது அரம் போலவும் இருந்தால், அலைன்மென்ட் பிழை. அதைச் சரிசெய்யாமல் எந்த ரயர் போட்டாலும் அதுவும் அப்படியே போகும். கட்டைகளின் விளிம்பு எலி கொறித்தது போலப் பிய்ந்திருந்தால் கிரவலில் காற்று இறுக்கமாகவும் வேகமாகவும் ஓடியிருக்கிறது. கடைசியாகப் பக்கச்சுவரைப் பாருங்கள். கீறல், வெட்டு, முட்டை போல வீக்கம், உள்ளே ஒட்டுப்போட்ட அடையாளம் ஏதும் உண்டா? வீக்கம் என்றால் உள்நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். இந்தப் பக்கச்சுவர் விடைதான் வாங்கப்போகும் ரயரைத் தீர்மானிக்க வேண்டும்.

ஏனென்றால் வன்னியில் ரயர் மேற்பட்டை தேய்ந்து சாவதை விட விலாவில் அடிபட்டுச் சாவது அதிகம். செம்மண் கிரவலுக்குள் கூர்மையான வெள்ளைப் படிகக்கல் கலந்திருக்கும். பற்றை வெட்டிய காணிகளில் கத்தியால் சரிவாக வெட்டிய அடிக்கட்டை ஒரு சாண் உயரத்தில் ஈட்டி போல நிற்கும், புல் மூடியிருக்கும், தெரியாது. பனங்காணிகளில் கருக்கு மட்டை. உடைமுள்ளும் விடத்தல் முள்ளும் மேற்பட்டையில் ஏறினால் ஒட்டலாம். அடிக்கட்டை பக்கச்சுவரைக் கிழித்தால் ரயர் முடிந்தது. பக்கச்சுவர் ஓயாமல் வளைந்து நிமிரும் இடம், அங்கே எந்த ஒட்டும் நில்லாது. உள்ளே ரியூப் போட்டு ஓடலாம் என்று சொல்வார்கள். நூல் அறுந்த இடம் வேகத்தில் வெடிக்கும், அதைக் கேட்க வேண்டாம்.

அந்த இரண்டு சாதிக்கு வருவோம். ஒன்று காருக்குரிய சாதாரணக் கட்டுமானம். பக்கச்சுவரில் 265/65ஆர்17 112 என்று ஒற்றை எண்ணோடு இருக்கும். மற்றது எல்.ரி., அதாவது இலகு லொறிக் கட்டுமானம். அளவுக்கு முன்னால் எல்.ரி. என்ற எழுத்தும், பின்னால் 120/117 போல இரட்டை எண்ணும், பக்கத்தில் சி, டி அல்லது ஈ என்ற எழுத்தும் இருக்கும். 112 என்றால் ஒரு ரயர் 1120 கிலோ தாங்கும், 120 என்றால் 1400 கிலோ. இரட்டை எண்ணில் முதலாவது ஒற்றைச் சில்லுக்கு, இரண்டாவது லொறி போல இரட்டைச் சில்லு பூட்டினால். சி, டி, ஈ என்பவை பழைய கணக்கில் ஆறு, எட்டு, பத்து பிளைக்குச் சமம் என்று பொருள். உள்ளே உண்மையாகப் பத்து அடுக்கு இருக்கிறது என்றில்லை. பத்துப் பிளை என்று கடையில் சொன்னால், பக்கச்சுவரிலேயே சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கும் வரியைத் தேடுங்கள்: சைட்வோல் 2 பொலியெஸ்டர், அல்லது 3 பொலியெஸ்டர். பக்கச்சுவரின் உண்மையான அடுக்கைச் சொல்வது, நீங்கள் பார்க்க வேண்டிய எண் அதுதான். இன்னொன்று, 205ஆர்16சி என்று அளவின் வாலில் வரும் சி (வணிக வாகன ரயர் என்ற குறி) வேறு, மேலே சொன்ன பார எழுத்து சி வேறு.

பாரம் தாங்க எல்.ரி. வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டால் அப்படி வராது. எழுபது கிலோ நெல் மூடை பதினொன்று ஏற்றினால் 770 கிலோ. பின்னச்சில் 112 ரயர் இரண்டு சேர்ந்து 2240 கிலோ தாங்கும். வண்டியின் பாரத்தோடு சேர்த்தும் அந்த எல்லைக்குள் நிற்கலாம். எல்.ரி. யின் பெறுமதி அதன் விலாவிலும் தடித்த மேற்பட்டையிலும் இருக்கிறது. விலையாக நீங்கள் கொடுப்பது, ரயர் ஒன்றுக்கு ஐந்தாறு கிலோ வரை கூடிய எடை, இறுகிய ஓட்டம், சற்றுக் கூடிய எண்ணெய், கூடிய காற்று. ஆகவே பழைய ரயர்கள் விலாவில் அடிவாங்காமல் தேய்ந்தே முடிந்திருந்தால் சாதாரணக் கட்டுமான ஏ.ரி. யே போதும், ஏ9 ஓட்டத்துக்கு அது சுகமும். கடந்த இரண்டு வருடத்தில் ஒன்றாவது பக்கச்சுவர் கிழிந்து போயிருந்தால் எல்.ரி. எடுங்கள், சி எழுத்துக் கிடைத்தால் அதுவே போதும். ஈ கிடைத்தால் பிழையில்லை, ஆனால் வெறும் வண்டியாக ஓடும்போது உடம்பு உலுக்கும். கடையில் கவனம்: ஒரே பெயர், ஒரே பூ (மேற்பட்டையின் வடிவம்), இரண்டு கட்டுமானத்திலும் வரும். யோகோஹாமாவின் ஜியோலாண்டர் ஏ.ரி. ஜி015 அப்படியான ஒன்று. பெயரைச் சொல்லிக் கேட்டால் எது கையிருப்பில் இருக்கிறதோ அதுதான் வரும். முழு அளவையும் எண்ணையும் எழுதிக் கொடுங்கள்.

எந்தக் கம்பனி நல்லது, எத்தனை ஆயிரம் கி.மீ. ஓடும் என்பதில் எவர் அடித்துச் சொன்னாலும் பாதி நம்புங்கள். ஒரே ரயர் ஏ9 இல் ஓடுவதும் கிரவலில் ஓடுவதும் இரண்டு வேறு ஆயுசு. பக்கச்சுவரிலுள்ள ட்ரெட்வெயார் எண்ணும் (தேய்வைத் தாங்கும் அளவு) ஒரே கம்பனியின் ரயர்களை ஒப்பிடத்தான் ஓரளவு உதவும், எல்.ரி. ரயர்களில் அந்த எண் இருக்காது. வெளிநாட்டு வீடியோக்களில் பெரிதாகக் கொண்டாடும் மூன்று சிகரமும் பனித்துகளும் போட்ட முத்திரை குளிர்காலப் பனிக்கானது. ரொறன்ரோவிலிருந்து மச்சான் அதைப் பார்த்து வாங்கு என்று சொன்னால் அன்புக்கு நன்றி சொல்லிவிட்டு விடுங்கள். எம்+எஸ் (சேறும் பனியும்) என்ற எழுத்தும் பூவின் இடைவெளியைக் குறிப்பதுதான், சேற்றில் சோதித்துப் பார்த்ததற்கு அத்தாட்சி இல்லை.

இனி அளவு. உங்கள் 265/65ஆர்17 இன் விட்டம் 776 மி.மீ. 285/70ஆர்17 இன் விட்டம் 831 மி.மீ. வித்தியாசம் 55, நிலத்திலிருந்து வண்டி உயர்வது அதில் பாதி, 27 மி.மீ. தான். அந்த ஒன்றேகால் விரலுக்கு நீங்கள் இழப்பவை: கியர் ஏழு வீதம் நீண்டுவிடும், மீற்றர் 70 காட்டும்போது உண்மை வேகம் 75 ஆகும், ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் உட்புற மட்கார்டில் உரசும் வாய்ப்பு நிறைய, உபரி ரயர் வண்டியின் அடியில் இருக்கிற இடத்தில் ஏறாமலும் போகலாம். களி அப்பிய நேரம் நிலைமை இன்னும் மோசம். ரயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் களி இறுகி, சில்லுக்குத் தானே பிரேக் போட்டுவிடும். எங்கே உரசும், எவ்வளவு வெட்ட வேண்டும் என்பது சஸ்பென்ஷனையும் றிம்மின் ஒப்செற்றையும் (சில்லு உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கும் அளவு) பொறுத்தது, நேரில் பார்க்காமல் சொல்லக்கூடியது இல்லை. பெரிசாக வேண்டும் என்றால் 265/70ஆர்17 இல் நிறுத்துங்கள். விட்டம் 803 மி.மீ., கூடுதல் மூன்றரை வீதத்துக்குள், பக்கச்சுவர் 13 மி.மீ. உயரம் கூட. எல்.ரி. வகைகள் அதிகம் கிடைப்பதும் இந்த அளவில்தான். மூல அளவே உங்கள் ஊர்க் கடையில் நல்ல கட்டுமானத்தில் கிடைத்தால் அதை மாற்றக் காரணமில்லை. நடுவழியில் ஒன்று கிழிந்தால் மாங்குளத்திலோ வவுனியாவிலோ ஜோடி கிடைக்கும் அளவு எது என்பதும் ஒரு கணக்கு.

சேற்றுக்கு வருகிறேன், மற்றப் பாதி விடை இங்கேதான். இரண்டு தரம் புதைந்ததாக எழுதியிருக்கிறீர்கள். சில்லுச் சுற்றி வழுக்கி நின்றதா, அல்லது வண்டியின் வயிறு தட்டி நின்றதா? அறுவடைக் காலத்தில் உழவு இயந்திரமும் பெட்டியும் போய்ப்போய் இரு பக்கமும் ஆழமான தடம் விழும், நடுவில் மேடு நிற்கும். அதில் ஹைலக்ஸை இறக்கினால் பின் டிஃப்ரன்ஷல் (பின் அச்சின் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டி) மேட்டில் உட்கார்ந்து, நாலு சில்லும் சும்மா சுற்றும். அதற்கு எம்.ரி. யும் உதவாது. தடத்துக்குள் இறங்காமல் ஒரு பக்கச் சில்லை நடு மேட்டிலும் மறு பக்கச் சில்லை வரம்போரத்திலும் வைத்து ஓட்டுவதுதான் வழி. அது முடியாத இடத்தில் வண்டியை வீதியில் விட்டு நடப்பது. பாதையை விட்டு ஒதுங்கிப் பற்றைக்குள் வெட்டி ஓட்டுவது வன்னியில் எல்லா இடத்திலும் செய்யக்கூடிய காரியம் இல்லை. மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் பக்கம் இன்றும் உண்டு, அங்கே சேற்றில் நிற்பதே மேல்.

வழுக்கித்தான் நின்றது என்றால் மண்ணைப் பாருங்கள். முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களி போன்றது நனைந்தால் பசை. ரயரின் பள்ளங்கள் இரண்டு சுற்றிலேயே நிரம்பி, ஏ.ரி. மொட்டை ரயர் ஆகிவிடும், எம்.ரி. யும் இன்னும் கொஞ்சத் தூரம் போய் அதே நிலைக்கு வரும். களியை எறிய ரயர் வேகமாகச் சுற்ற வேண்டும், வேகமாகச் சுற்றினால் குழி தோண்டும். கிரவல் கலந்த செம்மண் அப்படியில்லை, மேலே இரண்டு விரல் சேறும் கீழே இறுக்கமும் இருக்கும், ஏ.ரி. அதில் தாராளமாகப் போகும். இங்கே ஒரு தர்க்கம் இருக்கிறது, ஆளுக்கு ஆள் மாறிச் சொல்வார்கள்: சேற்றுக்கு அகல ரயரா, ஒடுங்கினதா? கீழே இறுக்கம் இருக்கும் இடத்தில் ஒடுங்கிய ரயர் சேற்றை வெட்டிக்கொண்டு இறங்கிப் பிடிக்கும். அடியே இல்லாத களியிலும் மணலிலும் நீண்ட, அகன்ற தடம் மிதக்கும். இரண்டும் சரி, இடம்தான் வேறு. உங்கள் 265 நடுவாந்தரம், இதற்காக மாற்ற வேண்டியதில்லை.

களிக்குள் இறங்க முதலே ஃபோர் வீலைப் போடுங்கள், நின்ற பிறகு இல்லை. காற்றை 20 முதல் 22 பி.எஸ்.ஐ. வரை இறக்குங்கள். இரண்டாம் கியரில் ஒரே அளவாக அழுத்திப் போங்கள், நடுவில் கியர் மாற்ற வேண்டாம். வேகம் செத்து வந்தால் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகச் சிறிது அசைத்தால் ரயரின் தோள் கட்டைகள் தடத்தின் சுவரைப் பிடிக்கும். அதற்கும் வராவிட்டால் உடனே காலை எடுங்கள். இன்னும் பத்து வினாடி மிதித்தால் அச்சு வரை இறங்கும். முன்னும் பின்னும் களியை மண்வெட்டியால் எடுத்து, வந்த தடத்திலேயே பின்னால் எடுப்பதுதான் சுலபம். மழை நாளில் குளக்கட்டிலும் வாய்க்கால் கரையிலும் இன்னும் கவனம்: நடு உயர்ந்து ஓரம் சரிந்த களியில் வண்டி பக்கவாட்டாக வழுக்கும், அதைத் தடுக்கும் பூ எந்த ரயரிலும் இல்லை. முல்லைத்தீவுக் கடற்கரை மணல் என்றால் 16 முதல் 18 வரை இறக்கலாம், ஆனால் 30 கி.மீ. வேகத்துக்கு மேல் போகாமலும் சடுதியாகத் திருப்பாமலும். ரயர் றிம்மை விட்டுக் கழன்றுவிடும். இறக்கிய காற்றைத் தாருக்கு ஏற முதல் அடித்தே ஆகவேண்டும். ஆகவே 12 வோல்ற் கொம்பிரசர், சரியான காற்று மானி, ஒட்டுக் குச்சிகள், ஜக்கின் கீழ் வைக்க ஒரு அடிச் சதுரப் பலகை, இந்த நாலும் வண்டியில் இருக்க வேண்டும். இவற்றின் செலவு ஒரு ரயரின் விலையை விட மிகக் குறைவு; 285 ஏற்றுவதை விட இவை உங்களை அதிகம் காப்பாற்றும்.

தார் ஓட்டத்துக்குக் காற்று எவ்வளவு? சாதாரணக் கட்டுமானம் என்றால் சாரதிக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவே, வெறும் வண்டிக்கு ஒன்று, பாரத்துக்கு ஒன்று. எல்.ரி. என்றால் அந்த அளவு போதாது. அதே பாரத்தைத் தாங்க அதற்குக் கூடிய காற்று வேண்டும் என்பது உறுதி. எவ்வளவு கூட என்பது ரயரைப் பொறுத்தது. 6 முதல் 10 பி.எஸ்.ஐ. கூட்டித் தொடங்கி, சோக்கட்டியால் பாருங்கள்: மேற்பட்டைக்குக் குறுக்கே தடித்த கோடு கீறி, மட்டமான தாரில் ஐம்பது மீற்றர் நேரே ஓட்டி இறங்கிப் பார்த்தால், நடு மட்டும் அழிந்திருந்தால் காற்று கூட, ஓரம் மட்டும் அழிந்திருந்தால் குறைவு. இன்னொரு கணக்கும் இருக்கிறது, விதி அல்ல, நெடுநாள் ஓட்டுபவர்களின் பழக்கம்: குளிர்ந்திருக்கையில் அளந்து, ஏ9 இல் ஒரு மணித்தியாலம் ஓடியபின் திரும்ப அளந்தால் 4 முதல் 6 பி.எஸ்.ஐ. ஏறியிருக்க வேண்டும். அதற்கு மேல் ஏறினால் ரயர் அதிகம் வளைந்து சூடாகிறது, காலையில் கூட்டுங்கள். சூடான ரயரில் மானி கூடக் காட்டுகிறதென்று காற்றைத் திறந்துவிடுவது பெரிய பிழை. சித்திரை வெயிலில் ரயர் வெடிப்பதற்குக் காற்றுக் கூடியது காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் காற்றுக் குறைவாக, பாரத்தோடு, வேகமாக ஓடி உள்நூல் வெந்துதான் வெடிக்கிறது. கிரவலில் தார் அளவிலிருந்து நாலைந்து குறைத்து 60 க்குள் ஓடினால் ரயர் கல்லைச் சுற்றி மடங்கும், வெட்டுப்படுவது குறையும்.

வாங்கும்போது பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நாலு இலக்கத்தைப் பாருங்கள்; 2324 என்றால் 2024 ஆம் ஆண்டின் 23 ஆம் கிழமை. நாலும் ஒன்றுக்கொன்று கிட்ட இருக்கட்டும். இரண்டு வருடத்துக்கு மேல் பழையது என்றால், கடை வாசலில் வெயில் காய்ந்தது என்றால், விலை குறைத்தாலும் யோசியுங்கள். பக்கச்சுவரை விரலால் அழுத்திப் பிரித்துப் பார்த்தால் மெல்லிய வெடிப்பு தெரியும். நாலையும் ஒரே நாளில், ஒரே வகையாகப் போடுங்கள். ஃபோர் வீலில் முன்னும் பின்னும் விட்டம் வேறுபட்டால் இறுக்கமான நிலத்தில் கியர்ப்பெட்டிப் பக்கம் முறுக்கு ஏறி எதையாவது உடைக்கும். வால்வையும் புதிதாக மாற்றச் சொல்லுங்கள், குட்டையான உலோக வால்வு கிடைத்தால் நல்லது, ரப்பர் வால்வை அடிக்கட்டை பிடுங்கிவிடும். பூட்டிய அன்றே அலைன்மென்ட், நூறு கி.மீ. ஓடியபின் சில்லு நட்டுகளைத் திரும்ப இறுக்கல், பிறகு 8,000 கி.மீ. க்கு ஒரு தரம் இடம் மாற்றல். ரயரின் பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேடு 1.6 மி.மீ. ஐக் காட்டும், அது தாருக்கான கடைசி எல்லை. கிரவலுக்கும் களிக்கும் ஏ.ரி. யின் பயன் பூ பாதி தேய்ந்தவுடனேயே பெரும்பாலும் முடிந்துவிடும். ஆகவே தேய்வு பாதியைத் தாண்டும் காலம் புரட்டாசியில் வருமென்றால், மாரிக்கு முன் மாற்றி, பழையதைக் கோடைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, வண்டியின் அடியில் தொங்கும் உபரி ரயரை இறக்கிப் பாருங்கள். அது வண்டியோடு வந்த முதல் ரயராகவே இருக்கும், பூ புதுசு போலத் தெரியும், நாலு இலக்கத்தைப் பார்த்தால் பத்து வருடம் தாண்டியிருக்கும். காற்றும் இராது, இறக்கும் சங்கிலி களியில் துருப்பிடித்து இறங்கவும் மாட்டாது. காசு இடம் கொடுத்தால் ஐந்தாகவே வாங்கி ஐந்தையும் சுழற்றுங்கள். இல்லாவிட்டால் கழற்றும் நாலில் விலா சுத்தமாக இருக்கிற ஒன்றை உபரியாகப் போட்டு, சங்கிலிக்குக் கிறீஸ் பூசிவிடுங்கள். பெரிய அளவுக்கு மாறியிருந்தால் மட்டும் அந்தப் பழையது பொருந்தாது; அதைப் பின்னச்சில் போட்டு ஓட்டினால் இரு பக்கமும் வேறு வேறு வேகத்தில் சுற்றி டிஃப்ரன்ஷல் சூடாகும். கடை வரை மெதுவாக, ஃபோர் வீல் போடாமல் போவதற்கு மட்டும்.